பாட்டு ஆரம்பிச்சிருச்சா?

நான் பாட்டுப் போட்டால், வீட்டுக்கு வந்தவர்கள் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். "பாட்டு ஆரம்பிச்சிருச்சா?"

அப்போது பாட்டு ஆரம்பித்து நாலைந்து நிமிடம் ஆகியிருக்கும். காற்றுச் சத்தம் வந்து போய், ஒரு கிடார் வந்து, அதன் பின்னால் இன்னொரு கிடார் வந்து சேர்ந்திருக்கும். இவர்களுக்கு ஒரு மனிதத் தொண்டை திறந்து நாலு வார்த்தை பாடினால்தான் பாட்டு. அதுவரைக்கும் நடப்பதெல்லாம் மைக் டெஸ்டிங். ஊரே இப்படித்தான் இருக்கிறது. ஒத்தக்கடையிலிருந்து பெரியார் நிலையம் போகிற பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். டிரைவர் ஒரு பாட்டைப் போடுவார். பல்லவி முடிந்து, ஒரு வயலின் தலைகாட்டியதும் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவார். அந்த வயலின் என்ன பாவம் செய்ததோ. நான் காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மொத்த பஸ்ஸையும் மனதுக்குள் திட்டிக்கொண்டே போவேன்.

நான் பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். கேட்பது ப்ராக்ரசிவ் ராக். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளில் இங்கிலாந்தில் சில நீளமுடிப் பையன்கள், ஒரு பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்தே ஆகவேண்டும் என்று எவன் சட்டம் போட்டான் என்று கேட்டு, இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டை வாசித்தார்கள். அவ்வளவுதான் விஷயம். கல்லூரி விடுதியில் என் அறையில் இருந்த மேகாலயாப் பெண் ஒருத்தி எனக்கு இதைப் பழக்கினாள். அவள் ஊரில் டீக்கடையில்கூட இதைப் போடுவார்களாம். என் ஊரில் டீக்கடையில் என்ன போடுகிறார்கள் என்பதைச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை.

இதில் எல்லாமே உசத்தி என்று நினைத்துவிடாதீர்கள். பாதிக்குப் பாதி குப்பை. மந்திரவாதி, குள்ளர்கள், மலைக்கோட்டை என்று பாட்டெழுதியவர்கள் ஒரு கூட்டம் உண்டு. வளர்ந்த ஆம்பளைங்க எழுதுகிற எழுத்தா அது? நான் வார்த்தைகளைக் காதில் வாங்குவதே இல்லை. அப்புறம் எண்பதுகள் வந்ததும் அதே ஆட்கள் முடியை வெட்டிக்கொண்டு, டிரம்ஸுக்குப் பதிலாக ஒரு மின்சார டப்பாவை வைத்துக்கொண்டு, ரேடியோவுக்கென்று மூன்று நிமிடப் பாட்டுப் போட்டு பணக்காரர்கள் ஆனார்கள். நன்றாக இருக்கட்டும். இப்போது வருகிற பையன்கள் இருக்கிறார்களே, அவர்கள் வாசிப்பது விரல் சர்க்கஸ். ஒரு நொடிக்குள் எத்தனை ஸ்வரம் திணிக்கலாம் என்று போட்டி. ஒரு ஸ்வரத்தை நிறுத்தி, அது தானாக அடங்கும்வரை சும்மா இருக்க ஒருத்தனுக்குத் தைரியம் கிடையாது.

எங்கள் பள்ளிப் பாட்டு டீச்சர் ஒருமுறை என் இயர்போனை வாங்கிக் கேட்டார். விரலால் தொடையில் தட்டினார். "ஏழு தட்டு. மிஸ்ர சாபு. நம்மகிட்ட எப்பவோ இருக்கே டீச்சர்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த "நம்மகிட்ட எப்பவோ இருக்கே" கோஷ்டியோடு என்னால் மாரடிக்க முடியாது. சரி, இருக்கிறது. இருக்கட்டும். வீட்டில் சோறு இருக்கிறது என்பதற்காக அடுத்தவர் வீட்டுப் பிரியாணியை மோந்துகூடப் பார்க்கக் கூடாதா?

என்னைப் போலக் கேட்கிறவர்கள் மதுரையில் இருக்கிறார்களா என்று தேடி, போனில் ஒரு குழுவில் சேர்ந்தேன். ஒரு பத்துப் பேர், எல்லாம் ஆண்கள். சேர்ந்த அன்றே ஒருத்தர் எனக்குப் பரீட்சை வைத்தார். அந்த இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்தது யார், இந்த இசைத்தட்டின் அட்டையை வரைந்தது யார். பரவாயில்லையே மேடம், பாஸ் ஆயிட்டீங்களே என்றார். நான் வாரம் முழுக்க எட்டாம் வகுப்புக்குப் பரீட்சை வைக்கிறவள், எனக்கே பரீட்சையா? அந்தக் குழுவில் யாரும் பாட்டைப் பற்றிப் பேசி நான் பார்த்ததில்லை. ஸ்பீக்கருக்கு என்ன ஒயர், ஆம்ப்ளிஃபயருக்கு என்ன வால்வு, இதே அலப்பறைதான். இம்புட்டு ஒயர் வாங்கினவங்க என்னைக்காவது உட்கார்ந்து கேட்டிருக்கீங்களா என்று எழுதிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இத்தனை பேரைச் சொல்லிவிட்டு வீட்டுக்காரரைச் சொல்லாமல் விட்டால் தர்மமில்லை. அவருக்கு மேலூர் ரோட்டில் மோட்டார், பைப் கடை. நல்ல மனுஷன்தான். ஆனால் காது? காது என்று ஒன்று இருப்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான் என்று நினைக்கிறவர். கல்யாணம் ஆன புதிதில் ஒருநாள் ஆசையாக உட்கார வைத்து என் உயிரான பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் கேட்டார். "நல்லா இருக்கு. ஆனா ஜெனரேட்டர் சத்தம் மாதிரி இருக்கு" என்றார். அன்றைக்கே அவரைக் கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன். ஒருத்தர் எதைக் கேட்கிறார் என்பதை வைத்துத்தான் நான் ஆளை எடைபோடுவது. அந்தத் தராசில் இவர் ஏறவே இல்லை.

மகன் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான். வீட்டில் நான், இவர், என் மாமியார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மொட்டை மாடியில் ஒற்றை அறை ஒன்று இருக்கிறது. அதில்தான் என் ஸ்பீக்கர் பெட்டிகள். அந்த அறைக்கு நேர் மேலே தண்ணீர் டேங்க், ஜன்னலுக்கு நேர் கீழே மோட்டார். மோட்டாரைப் போட்டால் கீழே உறுமலும் மேலே டேங்கில் தண்ணீர் கொட்டுகிற சத்தமுமாக, பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வார நாட்களில் அது ஓடும்போது பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து திருத்துவேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் மேலே போய்க் கதவைச் சாத்திவிடுவேன். வாரத்தில் எனக்கென்று இருப்பது அந்த ஒரு மணி நேரம்தான். என் உயிரான அந்தப் பாட்டை முழுசாகப் போடுவேன். முதலில் காற்று. பிறகு கிடாரில் ஒரு சின்ன மெட்டு. பிறகு எல்லாரும் சேர்ந்துகொண்டு ஒரே ரகளை. பிறகு எல்லாம் அடங்கி, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் நெடுநேரம் கேட்கும். இனி ஒன்றும் வராது என்று தோன்றுகிற நேரத்தில், முதலில் வந்த அந்தச் சின்ன மெட்டு ஆர்கனில் எழுந்து வரும். அறை முழுக்க வரும். அந்த இடத்தில் நான் அழுவேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. துக்கமில்லை, கஷ்டமில்லை, யாரையும் நினைத்தும் இல்லை. அது வரும், நான் அழுவேன், மூக்கைச் சிந்திக்கொண்டு கீழே வந்து குழம்பு வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் இன்னொன்றும் நடக்கும். சரியாக அந்த நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றுபோகும். இவர் மாடிப்படியின் அடியில் பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்துச் சுவரிலேயே மோட்டார் சுவிட்ச். அத்தை கத்திக்கொண்டிருப்பார்: "ஊருக்கெல்லாம் மோட்டார் விக்கிறான். இவன் வீட்டுல குழாயத் தொறந்தா காத்து வருது!" இவர், "போடுறேன்மா, போடுறேன்" என்பார். போடமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வந்திருந்தபோது குளிக்கப் போய், முகமெல்லாம் சோப்போடு நின்று சத்தம் போட்டதும் நடந்திருக்கிறது. சொந்தக்காரர்கள் மத்தியில் அது ஒரு பெரிய சிரிப்பு. எழுந்து ஒரு சுவிட்சைத் தட்டக்கூட உடம்பு வணங்கவில்லையே என்று நானும் எத்தனையோ தடவை இவரைக் காய்ச்சியிருக்கிறேன்.

போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முட்டிவலியால் படியே ஏறாத அத்தை வத்தல் காயப்போட மாடிக்கு வந்துவிட்டார். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். மருமகள் கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருக்கிறாள், கன்னமெல்லாம் தண்ணீர். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படியே இறங்கிப் போய் நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிற என் அண்ணனுக்குப் போன் போட்டுவிட்டார்.

சாயங்காலமே அண்ணனும் மதினியும் வந்து இறங்கினார்கள். அண்ணன் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். எதையும் விசில் ஊதித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். மதினி கையில் கோயில் விபூதியும் எலுமிச்சம்பழமும். வந்ததும் விபூதியை என் நெற்றியில் அப்பி, பழத்தால் தலையைச் சுற்றிவிட்டு, அடுப்படிக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கதவை ஒருக்களித்துச் சாத்தினார்.

"உண்மையச் சொல்லுத்தா. கை நீட்டுறாரா?"

"ஐயோ மதினி! அவரு கொசுவக்கூட அடிக்க மாட்டாரு."

"அப்ப வேற எவளாச்சும்..."

"அந்தாளுக்குக் கடையில சாப்பிடவே நேரமில்ல மதினி. பாட்டுக் கேட்டு அழுதேன். வேற ஒண்ணுமில்ல."

"என்ன பாட்டு? அம்மா பாட்டா?"

"அந்த இடத்துல வார்த்தையே கிடையாது."

"வார்த்தையே இல்லாத பாட்டுக்கு எதுக்குடி அழுகணும்? யாரு செத்தா?" என்றார் மதினி. பிறகு எலுமிச்சம்பழத்தை எடுத்து இன்னொரு தடவை சுற்றினார்.

கூடத்தில் பஞ்சாயத்துக் கூடியது. இவர் ஒரு மூலையில் முக்காலியில் உட்கார்ந்து, கடைச் சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அத்தை முதலில் பேசினார். "எம் மருமகளக் குறை சொல்லல. பதறிப்போயித்தான் போன் பண்ணேன். எனக்கென்னமோ அந்தப் பெட்டி மேலதான் சந்தேகம். அதத் தூக்கிப் பரண்ல போட்டுட்டா எல்லாம் சரியாயிரும்."

அண்ணனுக்கு அது போதவில்லை. "பாட்டுக்கு அழுதேன்னு சொல்ற. சரி, நாங்களும் கேக்குறோம், போடு. அழுகுற மாதிரி அதுல ஏதாச்சும் இருந்தா இதோட விட்டுர்றேன். இல்லேன்னா மாப்ள, தப்பா எடுத்துக்காதீங்க, தங்கச்சியக் கொஞ்ச நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன். என்னன்னு பொறுமையா விசாரிப்போம்."

ஒத்தக்கடை சின்ன இடம். பொண்டாட்டியை மச்சான் வந்து அழைத்துப் போனான் என்றால், மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே நாலு பேர் கண் இவர் மேல் இருக்கும். அப்படி நடக்காமல் இருக்க எனக்கு ஒரு சுலபமான வழி இருந்தது. அத்தை சொன்னது சரிதான், பெட்டியைப் பரணில் போட்டுவிடுகிறேன், இனிமேல் கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். வாய்வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டேன். ஒரு பெண்பிள்ளை வாரத்தில் ஒரு மணி நேரம் கண்ணை மூடி உட்கார்ந்தால், ஒன்று தலைவலியாக இருக்கவேண்டும், இல்லையென்றால் புருஷன் அடித்திருக்கவேண்டும். மூன்றாவதாக ஒரு காரணம் இவர்களுக்குத் தோன்றவே தோன்றாதா? "வாங்க, போடுறேன்" என்று எழுந்துவிட்டேன்.

அந்தச் சின்ன அறைக்குள் ஐந்து பேரும் அடைந்தோம். மதினி சும்மா இருக்க வேண்டாமே என்று முறுக்கு டப்பாவையும் கொண்டுவந்தார். நான் பட்டனை அமுக்கினேன்.

காற்றுச் சத்தம்.

"ஆரம்பிச்சிருச்சா?" என்றார் அண்ணன்.

"ஆரம்பிச்சிருச்சுண்ணே."

கிடார் வந்தது. மதினி முறுக்கைக் கடித்தார். நறுக் என்று. அந்த மெட்டு எவ்வளவு மெலிதானது தெரியுமா? அதன் மேல் முறுக்கு. டிரம்ஸ் வந்ததும் அண்ணன் தலையாட்டித் தாளம் பிடிக்கப் பார்த்தார். இரண்டு சுற்றிலேயே தடுமாறிவிட்டார். "இதுக்குப் பசங்கள மார்ச் பண்ண விட்டா ஒருத்தன் மேல ஒருத்தன் விழுவான்" என்றார். பாட்டுக்காரன் வாயைத் திறந்ததும், மதினி நிம்மதியாக, "இப்பத்தான் ஆரம்பிச்சிருச்சு" என்றார். அத்தை அதற்குள் கண் சொருகிவிட்டார்.

எல்லாம் அடங்கி, தண்ணீர் சொட்டுகிற இடம் வந்தது. இவர்களுக்குப் பிடிக்கவேண்டும் என்றுகூட இல்லை. இந்த ஒரு இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும் என்று வேண்டினேன்.

"முடிஞ்சிருச்சா?" என்று அண்ணன் எழுந்தார்.

"உக்காருண்ணே!"

அத்தை திடுக்கிட்டு விழித்து மேலே பார்த்தார். "டேங்க் ஒழுகுது பாரு."

ஆர்கன் எழுந்தது. அதே நொடியில் அண்ணனின் போன் அலறியது, ஒரு குத்துப்பாட்டோடு. எடுத்தார். "ஒத்தக்கடைல இருக்கேன்ப்பா. சும்மாதான், பாட்டுக் கேட்டுக்கிட்டிருக்கேன். சொல்லு!" என் உயிரான இடம் அவருடைய பேச்சுக்கு அடியில் ஓடி முடிந்துபோனது.

கடைசிச் சத்தமும் அடங்கியதும் எல்லாரும் என் கண்ணைப் பார்த்தார்கள். பொட்டுத் தண்ணீர் இல்லை. கடுப்பில் இருக்கிறவளுக்கு எங்கிருந்து அழுகை வரும்?

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாத்தியாத்தா, நீயே அழுகல. எதுக்கு மறைக்கிற? துணியை எடுத்து வை, போவோம்." பிறகு இவர் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

இவர் அதுவரை அறை வாசற்படியில் நின்றிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு எப்படி மச்சான் அழுவா? நீங்க போன்ல பேசிட்டீங்க. எல்லாம் அடங்கித் தண்ணி சொட்டுறப்போ வேற எந்தச் சத்தமும் இருக்கக் கூடாது. அப்புறம் சர்ச்சுல வாசிக்கிற மாதிரி ஒண்ணு வரும்ல, அங்கதான் அழுவா. எப்பவும் அங்கதான். அது முடிஞ்சு மூக்கச் சிந்துற சத்தம் கீழ கேக்கும். அப்புறம்தான் நான் மோட்டாரப் போடுவேன்."

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அடப்பாவி! அதுக்காகவா ஞாயித்துக்கிழமையானா தண்ணி இல்லாம என்னை நாயா அலைய விட்ட?"

"மோட்டாரு ஓடுனா மேல ஒண்ணும் கேக்காதும்மா."

"வருஷக்கணக்காடா?"

இவர் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். அண்ணன் இவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகமெல்லாம் சோப்போடு நின்ற அந்த நாள் அவருக்கு ஞாபகம் வந்திருக்கவேண்டும். விசாரணை செய்ய வந்தவர் கையிலேயே சாட்சி இருந்தது. "அன்னைக்கு எனக்குக் கண்ணெல்லாம் எரிஞ்சுச்சு மாப்ள" என்றார், சண்டை போடுகிற குரலில் இல்லாமல். "கெளம்புவோம்" என்று மதினியைப் பார்த்தார். மதினி மிச்ச முறுக்கை டப்பாவில் போட்டு மூடினார். படியிறங்கும்போது என் காதில், "கொடுத்து வச்சவடி" என்றார். எலுமிச்சம்பழத்தை மட்டும் எதற்கும் இருக்கட்டும் என்று ஜன்னலிலேயே வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் கோபம்தான் வந்தது, உண்மையைச் சொன்னால். இத்தனை வருஷமாகச் சோம்பேறி, சோம்பேறி என்று வாய் வலிக்கத் திட்டியிருக்கிறேன். ஒரு தடவையாவது சொன்னாரா இந்த மனுஷன்?

"அப்ப அது உங்களுக்குப் பிடிக்குமா? பிடிக்கும்னா எதுக்கு ஜெனரேட்டர் சத்தம்னு சொன்னீங்க?"

"ஜெனரேட்டர் சத்தம்தானே அது" என்றார். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்கு ஒரு எழவும் வெளங்கல. அதுக்கும் மோட்டார் போடாம இருக்குறதுக்கும் என்ன சம்பந்தம்?"

என் தராசை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. டிரம்ஸ் வாசித்தவன் பெயர் தெரிந்த அந்தப் பத்துப் பேரில் ஒருத்தனுக்குக்கூட நான் எந்த இடத்தில் அழுவேன் என்று தெரியாது. இவருக்குக் கிடாருக்கும் ஆர்கனுக்கும் வித்தியாசம் தெரியாது. "போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை. ஆனால் அழுதேன்.

ஊரைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றம் எதுவும் இல்லை. அந்த டிரைவர் இன்னும் வயலினை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறார். அண்ணன் போனவாரம்கூட, "அந்தத் தண்ணி சொட்டுற பாட்டு எப்படி இருக்கு?" என்று லந்து பண்ணினார். இவருக்குக் காது இன்னும் கண்ணாடி மாட்டத்தான். வீட்டில் மாறியது ஒன்றே ஒன்று. இப்போதெல்லாம் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அத்தை அண்டா, குடம், வாளி எல்லாவற்றையும் வரிசையாகக் குழாயடியில் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு மகனைப் பார்த்துச் சத்தம் போடுகிறார்:

"மோட்டாரப் போட்டு எல்லாத்துலயும் தண்ணியப் புடிச்சு வையிடா. நாளைக்கு அவ அழுகணும்ல!"